பாலத்துத் தூணில் ஒரு பேட்டை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். 'சிக்கானோ கலைக்கு உயிர் தருவது அருங்காட்சியகமா, தெருச்சுவரா?' என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கானோக்கள் என்றால் அமெரிக்காவில் வாழும் மெக்சிக்கோ வம்சாவளியினர். தெருச்சுவர்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

முன்னால் பேசிய நண்பர், "சுவர் வெயிலில் வெளுத்துப்போகும், அருங்காட்சியகம்தான் பாதுகாக்கும்" என்றார். சரி, பாதுகாக்கட்டும். முதலில் உள்ளே விட வேண்டுமே!

1972-இல் ஆஸ்கோ என்ற சிக்கானோ கலைஞர் குழுவின் ஹாரி கம்போவா, லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில் சிக்கானோ படைப்புகள் ஏன் இல்லை என்று கேட்டார். அவர்கள் கலை செய்வதில்லை, தெருக் கும்பல்களில்தான் சேர்கிறார்கள் என்ற தொனியில் பதில் வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். இரவோடு இரவாக அந்தக் கட்டடத்தின் மேலேயே குழுவினர் தங்கள் பெயர்களைத் தெளிப்பு பெயின்ட்டில் எழுதினார்கள். அருங்காட்சியகம் அதை வெள்ளையடித்து மறைத்தது. அதே இடத்தில் 2011-இல் ஆஸ்கோவுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. "கடைசியில் உள்ளேதானே வந்தார்கள்" என்பீர்கள். 39 வருஷம் கழித்து, ஐயா! அதுவரை இந்தக் கலையைத் தாங்கி நின்றது எது?

கலிபோர்னியாவில் சான் டியேகோ நகரின் லோகன் பேட்டைக்கு வாருங்கள். மெக்சிக்கோ வம்சாவளியினர் காலங்காலமாக வாழும் இடம். 1848 உடன்படிக்கையில் கலிபோர்னியா மெக்சிக்கோவிடமிருந்து அமெரிக்காவிடம் போனது. "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்று சிக்கானோக்கள் சொல்வது அதனால்தான். அப்புறம் 1963-இல் நெடுஞ்சாலை அந்தப் பேட்டையை இரண்டாகப் பிளந்தது. 1969-இல் கொரொனாடோ பாலம் வீடுகள் இருந்த இடத்தில் தூண்களை ஊன்றியது. பாலத்தடியில் பூங்கா தருவதாகச் சொல்லியிருந்தார்கள். 1970 ஏப்ரல் 22 அன்று வந்ததோ நெடுஞ்சாலைக் காவல் நிலையம் கட்ட புல்டோசர்!

மாணவர்கள், தாய்மார்கள், பிள்ளைகள் எல்லோரும் போய் மறித்தார்கள். 12 நாள் இடத்தை விட்டு நகரவில்லை. மண்ணைக் கொத்தி சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும் நட்டார்கள். பூங்கா கிடைத்தது. அதுதான் சிக்கானோ பூங்கா. 1973-இல் தூண்களில் தூரிகை ஏறியது. பேட்டையைப் பிளந்த கான்கிரீட்டே அந்தப் பேட்டையின் வரலாறாக மாறியது. 1977-இல் ஒரு தூணில், 'பேட்டை வேண்டும், பழைய இரும்புக் கிடங்குகள் வேண்டாம்' என்ற கோரிக்கையையே ஓவியமாகத் தீட்டினார்கள். அது அங்கே குடியிருந்தவர்களின் மனு.

ஓவியர் யோலாண்டா லோபெஸை எதிரணி எடுத்துக்காட்டினீர்கள். 1978-இல், மெக்சிக்கோ மக்கள் வணங்கும் குவாதலூப்பே மாதாவின் கோலத்தில் தன்னையே வரைந்தார். காலில் ஓட்டக் காலணி, ஒரு கையில் பாம்பு, மறுகையில் நட்சத்திரப் போர்வை. அதே வரிசையில் அவருடைய அம்மா தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பார்; பாட்டிக்கும் ஒரு படம் உண்டு. நான் மிகவும் நேசிக்கும் படங்கள் இவை. காகிதத்தில் வரைந்தவைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் வளர்ந்தது எங்கே? இதே லோகன் பகுதியில்! அந்த அம்மாவும் பாட்டியும் அந்தத் தெருக்களின் மனிதர்கள்.

2016-இல் அந்தப் பூங்காவை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். இன்றும் மேலே கார்கள் போகின்றன, கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள். எதிரணி நண்பர்களே, அந்தத் தூணைப் பெயர்த்து எந்த அறையில் வைப்பீர்கள்?

நன்றி, வணக்கம்.