பாட்டின் பத்திரம் யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் பாடியது யார் என்று கேட்போம். எழுதியது யார் என்று கேட்பவர்கள் குறைவு. நான் எழுதியவரின் பெயரைத் தேடும் ஆள். அப்படித் தேடிப் போய் நெஞ்சில் தங்கிவிட்டவர், அமெரிக்காவின் கிராமத்துச் சாயல் கொண்ட கண்ட்ரி இசைப் பாடகி டாலி பார்டன்.

1946-இல் டென்னசி மலைப்பகுதியில் பிறந்தவர். 12 பிள்ளைகளில் நான்காவது. பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லாமல் அப்பா ஒரு மூட்டை சோளமாவு கொடுத்தாராம். 1964-இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே பாட்டெழுதிப் பிழைக்க, கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குக் கிளம்பிவிட்டார்.

1967-இல் கண்ட்ரி பாடகர் போர்ட்டர் வேகனரின் டிவி நிகழ்ச்சியில் சேர்ந்தார். சில வருடங்கள் கழித்துத் தனியாகப் பாட நினைத்தபோது வேகனர் விடவில்லை. பேசிப் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் விடைபெறுவதையே பாட்டாக எழுதி அவர் முன்னாலேயே பாடினார். வேகனர் அழுதுவிட்டார். அதுதான் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’. 1974-இல் கண்ட்ரி பட்டியலில் முதலிடம்.

இனிதான் விஷயம். அந்தப் பாட்டை ராக் அண்ட் ரோல் மன்னர் எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். எல்விஸ்! டாலிக்குத் தலைகால் புரியவில்லை. ரெக்கார்டிங் நெருங்கிய நேரத்தில் எல்விஸின் மேனேஜர் டாம் பார்க்கர் போன் செய்தார். பதிப்புரிமையில் பாதியை எழுதித் தந்தால்தான் எல்விஸ் பாடுவாராம்.

பதிப்புரிமை என்பது வீட்டுப் பத்திரம் மாதிரி. யார் குடியிருந்தாலும் வாடகை, பத்திரம் வைத்திருப்பவருக்குத்தான். அதில்தான் பாதி கேட்டார்கள். டாலி முடியாது என்றார். இரவெல்லாம் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். அழுதார், ஆனால் கொடுக்கவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

1992-இல் அதே பாட்டை விட்னி ஹூஸ்டன் ஒரு படத்துக்காகப் பாடினார். அமெரிக்கப் பட்டியலில் 14 வாரம் முதலிடம். பத்திரம் டாலியின் கையில் முழுசாக இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். டாலியின் இன்னொரு பாட்டான ‘ஜோலீன்’ பற்றிப் பேச இனி நேரமில்லை. இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். டாலியின் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதை மனதில் வைத்துத்தான் 1995-இல் சொந்த ஊர்க் குழந்தைகளுக்கு, பிறந்தது முதல் ஐந்து வயது வரை, மாதம் ஒரு புத்தகம் இலவசமாகத் தபாலில் அனுப்பத் தொடங்கினார். பிள்ளைகள் அவரைப் ‘புத்தகக்காரம்மா’ என்று கூப்பிட்டார்கள். அதைக் கேட்பதில் அப்பாவுக்கு அவ்வளவு பெருமை.