ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ், எஸ்ஜிபிடி நார்மல்... அப்போ மாத்திரை வேணுமா வேணாமா?

வணக்கம். முதல்ல ஒரு ரிப்போர்ட் பாத்துடலாம். இது யாரோடதும் இல்ல, விளக்கறதுக்காக நானே எழுதினது. 36 வயசு, ரெண்டு பிள்ளைக்கு அம்மா. ரெண்டாவது பிரசவத்துக்கு செக்கப் போனப்ப, லிவரைத் தாக்கற ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கான்னு பாக்கிற எச்பிஎஸ்ஏஜி டெஸ்ட் பாசிட்டிவ்னு தெரிஞ்சிருக்கு, குழந்தை பிறந்து ரெண்டு வருஷம் ஆகியும் பாசிட்டிவ்தான். ஆறு மாசத்தைத் தாண்டி உடம்புல தங்கிட்டாலே அது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி. இப்ப லிவர் பாதிப்பைக் காட்டற எஸ்ஜிபிடி 34, எஸ்ஜிஓடி 38, பிளேட்லெட் ஒன்றரை லட்சம். பக்கத்துல லேப்காரங்க நார்மல்னு போட்டிருக்கிற அளவுக்குள்ளதான் எல்லாமே இருக்கு, ஒரு இடத்துலகூட சிவப்பு இல்ல. வீட்ல என்ன செய்வோம், அப்பாடா ஒண்ணுமில்லன்னு மடிச்சு பீரோல வெச்சுடுவோம்.

எனக்கு கவலையே அந்த பீரோதாங்க.

ஏன்னா லேப் 40, 45 வரைக்கும் நார்மல்னு அச்சடிச்சிருக்கும், ஆனா ஹெபடைடிஸ் பி இருக்கிறவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டில எஸ்ஜிபிடி ஆம்பளைக்கு 30, பொம்பளைக்கு 19, அதுக்கு மேல போனாலே கூடுதல்தான். அப்படிப் பாத்தா இந்த அம்மாவோட 34 நார்மலே இல்ல. கூடவே ரத்தத்துல வைரஸ் எவ்வளவுன்னு பாக்கிற எச்பிவி டிஎன்ஏ டெஸ்ட்ல (ஐயு/எம்எல் கணக்குல) 2000க்கு மேல வந்துச்சுன்னா அவங்க சிகிச்சைக்கு தகுதியானவங்க. 2015ல வந்த பழைய வழிகாட்டில இதே வரம்பு 20,000, வயசும் 30 தாண்டியிருக்கணும். அன்னிக்கு "இப்ப வேணாம், பாத்துக்கலாம்"னு அனுப்பினவங்கள்ல நிறைய பேருக்கு இன்னிக்கு பதில் மாறியிருக்கும், ஆனா அதை அவங்ககிட்ட யார் போய் சொல்றது?

இன்னொரு கணக்கு இருக்கு, ஏப்ரி ஸ்கோர்னு பேரு, காசே ஆகாது, இதே ரிப்போர்ட்லயே போடலாம். எஸ்ஜிஓடி 38ஐ லேப் சொல்ற மேல் வரம்பு 40ஆல வகுத்தா 0.95. அதை பிளேட்லெட்டால, அதாவது ஒன்றரை லட்சத்தை ஆயிரக் கணக்குல எழுதின 150ஆல வகுத்து நூறால பெருக்கினா 0.63 வருது. 0.5க்கு மேல போனா லிவர்ல தழும்பு விழுந்திருக்கலாம்னு அர்த்தம், அப்ப டிஎன்ஏ எவ்வளவு இருந்தாலும் சிகிச்சை ஆரம்பிக்கலாம்னு அந்த வழிகாட்டி சொல்லுது. சிவப்பே இல்லாத ரிப்போர்ட் பாருங்க இது! ஆனா ஒண்ணு, டெங்கு மாதிரி காய்ச்சல் வந்த சமயத்துல பிளேட்லெட் இறங்கி எஸ்ஜிஓடி ஏறி நிக்கும், அப்ப எடுத்த ரிப்போர்ட்டை வெச்சு இந்தக் கணக்கைப் போடாதீங்க. வசதி இருக்கிற இடத்துல லிவர் எவ்வளவு இறுகியிருக்குன்னு பாக்கிற ஃபைப்ரோஸ்கேன் எடுப்பாங்க, அதுல 7க்கு மேலன்னா கவனிக்கணும்.

இதுக்கும் மேல ரிப்போர்ட்ல எழுதாத விஷயங்கள் இருக்கு. அப்பாவோ அண்ணனோ லிவர் கேன்சர்லயோ, லிவர் முழுக்க தழும்பாகிற சிரோசிஸ்லயோ இறந்திருந்தா, சுகர் இருந்தா, லிவர்ல கொழுப்பு இருந்தா, எச்ஐவியோ ஹெபடைடிஸ் சியோ கூட இருந்தா, ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து எடுத்துட்டு இருந்தா, இதுல ஏதாவது ஒண்ணு போதும் சிகிச்சை தர்றதுக்கு. டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களா சொல்லுங்க, அவர் கையில இருக்கிற காகிதத்துல உங்க அப்பா இல்ல.

ஹெபடைடிஸ் சி கதை வேற. முன்னாடி இன்டர்ஃபெரான் ஊசி 48 வாரம் வரைக்கும் போடுவாங்க, மன அழுத்தம் இருந்தா, பிளேட்லெட் ரொம்ப கம்மின்னா, லிவர் ரொம்ப கெட்டிருந்தா அந்த ஊசி தாங்காதுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, யாருக்கு அவசரமோ அவங்களுக்கே கிடைக்காம போச்சு. இப்ப சோஃபோஸ்புவிர் கூட இன்னொரு மாத்திரை, பெரும்பாலும் 12 வாரம், நூத்துக்கு 95 பேருக்கு மேல குணமாயிடுது. வைரஸ் இருக்குன்னு உறுதியானா போதும். அதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பி இருக்கான்னு பாத்தே ஆகணும், ஏன்னா சி போகிறப்ப அடங்கிக் கிடந்த பி எழுந்துக்கலாம்.

பி-க்கு அப்படி முழுசா ஒழிக்கிற மாத்திரை இன்னும் வரல. டெனோஃபோவிர், என்டெகாவிர் வைரஸை அடக்கி வெக்கும், பெரும்பாலானவங்க வருஷக்கணக்கா சாப்பிடணும். கிட்னி பிரச்சனை இருந்தா எதைத் தர்றதுன்னு டாக்டர் யோசிச்சு மாத்துவாரு. நல்லாத்தானே இருக்கேன்னு நீங்களா நிறுத்தினா வைரஸ் திரும்பக் கிளம்பி லிவரே செயலிழந்து போகிற அளவுக்கு போகலாம், தயவுசெஞ்சு செய்யாதீங்க.

கீழாநெல்லி சாப்பிட்டா ஹெபடைடிஸ் பி போயிடாதான்னு கேப்பீங்கன்னு தெரியும். 1988ல நம்ம சென்னையில நடந்த ஆய்வு லான்செட் பத்திரிகையிலயே வந்துச்சு, உலகமே திரும்பிப் பாத்துச்சு, ஆனா பின்னாடி வேற இடங்கள்ல செஞ்சப்ப அந்த பலன் கிடைக்கல. மூலிகையால சரியாச்சுன்னு நினைக்கிற ஹெபடைடிஸ் ஏ மஞ்சகாமாலை பெரும்பாலும் தானா சரியாகிறது, பி உள்ள தங்கிட்டா அப்படி இல்ல.

செலவை நினைச்சு தள்ளிப்போடாதீங்க. 2018 ஜூலை 28ல ஆரம்பிச்ச தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டு திட்டத்துல டெஸ்டும் மாத்திரையும் இலவசம், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில போய் விசாரிங்க. நாட்டுக்கு நாடு தகுதி வரம்பு கொஞ்சம் மாறும், கடைசி முடிவு உங்களைப் பாக்கிற டாக்டரோடது.

அந்த அம்மாவோட ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க இல்ல, அவங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும், வீட்டுக்காரருக்கும் எடுக்கணும். பெரியவங்களுக்கு தொத்தினா நூத்துல அஞ்சு பேருக்கும் குறைவாத்தான் தங்கும், பிறக்கும்போது தொத்தின குழந்தைக்கு நூத்துல 90. அடுத்து அவங்க வீட்ல யாருக்காவது பிரசவம்னா, 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைக்கு தடுப்பூசி போட்டாச்சான்னு நர்ஸம்மாகிட்ட கேட்டு, கார்டுல நேரம் எழுதியிருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க.