டைரியில் இருந்த சிறு புள்ளி

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்டார்ட்அப் தொடங்கியவர்கள் முதல் ஓரிரண்டு வருடத்தில் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெரிய பெயர்களும் வரும். அதற்கு முன்னால் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் செய்வதுபோல் ஆகிவிடும்.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து பல் மருத்துவர்களின் கிளினிக்குகளுக்காக ஒரு மென்பொருள் செய்தோம். யார் எப்போது வரவேண்டும் என்பதை டைரியில் எழுதாமல் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். எட்டு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு புரோகிராம் எழுதினோம். நடுநடுவே மருத்துவர்களிடம் காட்டினோம். பார்த்தவர்கள் எல்லோரும், "ரொம்ப நல்லா இருக்கே, முடிச்சதும் சொல்லுங்க" என்றார்கள். அப்படிச் சொன்ன இருபது பேரின் பெயரை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். முடித்தோம், சொன்னோம். இருபதில் மூன்று பேர் உள்ளே நுழைந்து பார்த்தார்கள். அந்த மூவரில் இருவர் மறுநாள் எட்டிப் பார்க்கவில்லை.

யாரும் எங்களை ஏமாற்றவில்லை. ஆசையோடு வந்து நிற்கிற ஒருவனிடம் "இது எனக்கு வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கு மனம் வரும்? அவர்கள் பாராட்டினார்கள். நாங்கள்தான் அதைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொண்டோம்.

இதே பள்ளத்தில் எங்களைவிடக் கெட்டிக்காரர்களும் விழுந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படித்த பீட்டர் ரைன்ஹார்ட்டும் அவருடைய நண்பர்களும் 2011இல் வகுப்பறைக்கு ஒரு கருவி செய்தார்கள். பாடம் நடக்கும்போது புரியாத இடத்தில் மாணவர் ஒரு பொத்தானை அழுத்துவார். எத்தனை பேருக்குப் புரியவில்லை என்று பேராசிரியருக்குத் தெரியும். பேராசிரியர்களுக்கு ரொம்பப் பிடித்துப் போனது. முதலீட்டாளர்கள் பணமும் கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் வகுப்பின் கடைசியில் போய் நின்று பார்த்தார்கள். மடிக்கணினியைத் திறந்த மாணவர்களில் பெரும்பாலோர் ஃபேஸ்புக்கில் இருந்தார்கள்.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது. பின்வரிசையில் நின்றதால் வந்தது.

அதன்பிறகும் அவர்கள் நேராக வெற்றிக்குப் போய்விடவில்லை. இன்னொரு பொருள் செய்து அதுவும் எடுபடவில்லை. கடைசியில், தங்கள் சொந்தத் தேவைக்காக எழுதிவைத்திருந்த ஒரு சின்னப் புரோகிராம் துண்டைத் தனிப் பொருளாக வெளியிடலாம் என்று கூட்டாளி ஒருவர் சொன்னார். ரைன்ஹார்ட்டுக்கு அது மகா மட்டமான யோசனையாகப் பட்டது. அதை ஒழித்துக்கட்டுவதற்காகவே, "சரி, ஒரு பக்கம் போட்டு வெளியே விட்டுப் பார்க்கலாம்" என்றார். 2012 டிசம்பரில் போட்டார்கள். புரோகிராமர்கள் வந்து மொய்த்துவிட்டார்கள். செக்மென்ட் என்ற அந்த நிறுவனத்தை 2020இல் ட்விலியோ என்ற மென்பொருள் நிறுவனம் 320 கோடி டாலருக்கு வாங்கியது. நிறுவனருக்கே பிடிக்காத யோசனை! எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான்.

அடுத்து டோர்டாஷ், உணவகச் சாப்பாட்டை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் அமெரிக்க நிறுவனம். 2013 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் நான்கு பேர், பாலோ ஆல்டோ ஊருக்கு மட்டும் ஒரு இணையப் பக்கம் போட்டார்கள். சில உணவகங்களின் மெனுவை பிடிஎஃப் கோப்புகளாக ஏற்றினார்கள், கீழே ஒரு போன் எண். அந்த எண்ணுக்கு அடித்தால் நிறுவனர்களின் சொந்த போனே மணி அடிக்கும். கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வைக்கவில்லை, செயலியும் எழுதவில்லை. யாராவது கூப்பிடுகிறார்களா என்று பார்க்கத்தான் பக்கம் போட்டார்கள். கூப்பிட்டுவிட்டார்கள். உடனே காரை எடுத்துக்கொண்டு ஓடி, தாங்களே வாங்கி, தாங்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பகலில் வகுப்பு, மாலையில் டெலிவரி. யார் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள, நண்பர்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஐபோன் வசதியையே பயன்படுத்திக்கொண்டார்கள். பிற்பாடு செயலி எழுத உட்கார்ந்தபோது எதை எழுதவேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. உணவகத்து வாசலில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்த இடத்தில் வண்டி நிறுத்த முடியாது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1999இல் நிக் ஸ்வின்மர்ன் செருப்பு, ஷூ விற்க இணையக் கடை தொடங்கியதும் இப்படித்தான். கடைகளுக்குப் போய் ஷூக்களைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். யாராவது வாங்கினால் அந்தக் கடைக்கே ஓடி, முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பிவைத்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் நஷ்டம். போட்டுப் பார்க்காமல் ஷூ வாங்க ஆள் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. அதற்குக் கொடுத்த விலை என்று பார்த்தால் அந்த நஷ்டம் மலிவு. ஜாப்போஸ் பிறந்தது அப்படி.

"கையால் செய்துகொண்டிருந்தால் எப்போது பெரிதாவது?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டிருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் வந்து தங்க, வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டை வாடகைக்கு விட உதவும் இணையதளம் ஏர்பிஎன்பி. அதன் நிறுவனர்களுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. 2007 அக்டோபரில் தங்கள் வீட்டில் மூன்று காற்று மெத்தைகளைப் போட்டு ஆரம்பித்தவர்கள். 2009 தொடக்கத்தில் வாரத்துக்கு 200 டாலர் வருமானத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். பயனர்கள் அதிகம் இருந்தது நியூயார்க்கில். நிறுவனர்கள் இருந்ததோ கலிபோர்னியாவில். அவர்களுக்கு வழிகாட்டிய பால் கிரஹாம், அப்புறம் இங்கே என்ன செய்கிறீர்கள் என்கிற தோரணையில் அங்கே போகச் சொன்னார். போனார்கள். வீடுகளின் படங்கள் செல்போனில் எடுத்தவை, இருட்டாக இருந்தன. ஒரு கேமராவை வாடகைக்கு எடுத்து, வீடு வீடாகப் போய்த் தாங்களே படம் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் வருமானம் 400 டாலர் ஆனது. தொகை சின்னதுதான். ஆனால் மாதக்கணக்கில் அசையாத முள் அன்றைக்குத்தான் அசைந்தது. படம் எடுக்கப் போன வீடுகளில் உட்கார்ந்து பேசியபோது கிடைத்த விஷயங்கள் தனி.

எல்லாவற்றையும் கையால் செய்ய முடியாது என்பதும் உண்மை. ஒரு கோப்பை இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே மாதிரி வைத்திருக்கும் வேலையைக் கையால் எப்படிச் செய்வது? டிராப்பாக்ஸ் தொடங்கிய ட்ரூ ஹூஸ்டன் அதனால் 2008இல் அது எப்படி வேலை செய்யும் என்று காட்டும் ஒரு சின்ன வீடியோ எடுத்து வெளியிட்டார். காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் ஐயாயிரத்திலிருந்து எழுபத்தைந்தாயிரம் ஆனது. மின்னஞ்சல் கொடுப்பது பணம் கொடுப்பதாகாது. என்றாலும் "நல்லா இருக்கே" என்பதைவிட ஒரு படி மேல்.

இன்ஸ்டாகிராம் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். முதலில் அது பர்பன் என்ற பெயரில், எங்கே இருக்கிறோம் என்று பதிந்து புள்ளி சேர்க்கும் செயலி. பயனர்கள் அதில் படம் போடுவதைத்தான் விடாமல் செய்தார்கள். மற்றதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு 2010 அக்டோபர் 6 அன்று வெளியிட்டார்கள். முதல் நாளே 25,000 பேர் வந்தார்கள். எட்டு மாதம் பாடுபட்டு எழுதியதை வெட்டுவது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

பணம் திரட்டுவது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கலர் என்ற படம் பகிரும் செயலி 2011இல் 4.1 கோடி டாலர் முதலீட்டோடு களம் இறங்கியது. பக்கத்தில் அதே செயலி வைத்திருப்பவர் யாரும் இல்லாவிட்டால் திரையில் பார்க்க ஒன்றுமே இருக்காது. 2012 முடிவில் மூடிவிட்டார்கள்.

கூட்டாளிகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. எங்கள் மூவரில் ஒருவர் ஐந்தாம் மாதமே வேறு வேலைக்குப் போய்விட்டார். முதல் நாளே சரிசமமாகப் பிரித்துக் கொடுத்த பங்கு அவரிடமே இருந்தது. நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்படியும், முதல் வருடம் முடியும் முன் கிளம்பினால் ஒன்றும் கிடையாது என்றும் எழுதிக்கொள்வதுதான் வழக்கம், வெஸ்டிங் என்பார்கள். நண்பர்களுக்குள் எதற்கு எழுத்து என்று விட்டுவிட்டோம். அந்தப் பங்கைத் திரும்ப வாங்குவதற்குள் நட்பும் போய்விட்டது.

சரி, கிளினிக் கதைக்கு வருகிறேன்.

ஒரு கிளினிக்கில் கெஞ்சிக் கேட்டு, ஒருநாள் முழுக்க வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அங்கே இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். போன் அடித்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். ஒரு கை எதிரில் நிற்பவருக்கு ரசீது நீட்டும், மற்றது டைரியில் பென்சிலால் எழுதும். எங்கள் மென்பொருளில் அதே பதிவுக்கு இரண்டு கையும் வேண்டும், நான்கு இடத்தில் அழுத்த வேண்டும். மதியத்துக்குள் விளங்கிவிட்டது. டைரி அவருக்குத் தொந்தரவே இல்லை.

சாயங்காலம் டைரியைப் புரட்டியபோது சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தது. என்னவென்று கேட்டேன்.

"இவங்கல்லாம் வர்றேன்னு சொல்லிட்டு வரமாட்டாங்க தம்பி. டாக்டர் அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாரு. அப்புறம் என்னைத்தான் கோவிச்சுக்குவாரு."

முந்தைய நாளே போன் செய்து ஞாபகப்படுத்தலாமே என்றேன். "எனக்கு ஏது தம்பி நேரம்?" என்றார்.

மறுநாளிலிருந்து ஒரே வேலை. மாலையில் அவர் அடுத்த நாள் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். நான் ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு ஞாபகப்படுத்துவேன். புரோகிராம் ஒரு வரிகூட எழுதவில்லை. மாதக் கட்டணம் கேட்டேன், மருத்துவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். மூன்று வாரத்தில் நான்கு கிளினிக் ஆனது.

ஒருநாள் மாலை எனக்கு நல்ல காய்ச்சல். மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் அடித்தது.

"என்ன தம்பி, நேத்து ஏன் யாருக்கும் போன் பண்ணலை? காலையிலேயே ரெண்டு பேர் வரலை. டாக்டர் கத்திக்கிட்டிருக்காரு."

எட்டு மாதத்தில் ஒருவர்கூட எங்களைத் திட்டியதில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மதியத்துக்கு மேல் வரவேண்டியவர்களின் பெயரை அனுப்பச் சொன்னேன். போர்வைக்குள் இருந்தபடியே அவர்களைக் கூப்பிட்டு முடித்தேன். பிறகு நண்பனுக்குப் போன் போட்டு, சுவரில் இருக்கும் அந்த இருபது பேர் பட்டியலைக் கிழித்துவிடச் சொன்னேன்.

வணக்கம்.