தேள் கொட்டிய திருடனுக்கு ஒரு தோழன்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல என்று ஒரு பழமொழி. நீங்களும் நானும் எத்தனையோ முறை சொல்லியிருப்போம். அந்தக் காட்சியை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். நடுநிசி. அடுத்தவர் வீடு. அடுக்குப் பானைக்குள் கையை விட்டவனைத் தேள் கொட்டிவிட்டது. கத்தினால் வீட்டார் எழுந்துவிடுவார்கள். கத்தாமல் இருக்கவோ வலி விடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். இதுவரை அது வெறும் வலி. இப்போது அவன் பக்கத்தில் இன்னொருவனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். கூட்டாளி. "என்னடா ஆயிற்று?" என்று அவன் காதோரம் கேட்கிறான். இவனால் பேச முடியவில்லை. கொட்டுப்பட்ட விரலை நீட்டிக் காட்டுகிறான். இருட்டில் அவனுக்கு என்ன தெரியும்? "மோதிரமா? எனக்கும் ஒன்று எடு" என்கிறான்.

சிரிப்பு அங்கே பிறந்துவிட்டது. அதைப் பிறப்பித்தது தேளும் இல்லை, திருட்டும் இல்லை. பக்கத்தில் வந்து நின்ற அந்த இரண்டாவது ஆள்.

நான் நாடகம் பழக்குகிறவன். பல ஆண்டுகளாக மேடை ஓரத்தில் நின்று, பார்க்கிறவர்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எந்த இடத்தில் மௌனமாகிறார்கள் என்று கவனித்து வருகிறேன். சில்லறைத் திருடர்கள், சின்னச் சின்ன ஏமாற்றுக்காரர்கள், முடிச்சவிழ்க்கிகள் வரும் நகைச்சுவைமீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அவர்களுடைய நட்பைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகும் சொல்வேன்; வானொலியில் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது அல்லவா? நீங்களும் நானும் கூட்டாக ஒரு தொழில் நடத்தினால் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். பங்கில் தகராறு வந்தால் நீதிமன்றம் இருக்கிறது. திருடனுக்கு அந்த வசதி இல்லை. "பாதிப் பங்கு தருவதாகச் சொன்னான், ஏமாற்றிவிட்டான் ஐயா" என்று அவன் எந்தக் காவல் நிலையத்தில் போய் முறையிடுவான்? அவனிடம் இருப்பது கூட்டாளியின் வாய்ச்சொல் ஒன்றுதான். ஊரை ஏமாற்றுகிறவன், ஒரே ஒரு மனிதனை முழுதாக நம்பியே தீரவேண்டும். இந்த வகை நகைச்சுவைக்கு அடித்தளம் இந்த நம்பிக்கை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

அதோடு ஊரும் சிறியதாக இருந்துவிட்டால்? பெருநகரத்தில் பங்கைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவன் கூட்டத்தில் கரைந்துபோவான். சின்ன ஊரில் எங்கே ஓடுவது? இரவு ஏமாற்றியவனைக் காலையில் தேநீர்க் கடையில் பார்க்கவேண்டும். அவன் தங்கை கல்யாணத்துக்குப் போகவேண்டும். பிடிக்க வருகிற காவலர், பள்ளியில் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தவராக இருப்பார். திருட்டுப்போன பொருளும் கைக்குக் கை மாறி நாலு தெருவுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சின்ன ஊரில் ஒளிவதற்கு இடமில்லை; கோபித்துக்கொண்டு பிரிந்து போவதற்கும் இடமில்லை. ஆகவே, சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்திருப்பார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றி எழுதிய ஒரு சிறுகதையில் இது அழகாக வரும். 1907-இல் வெளிவந்தது. ஓ. ஹென்றி, வங்கிப் பணத்தைக் கையாடியதாகத் தண்டிக்கப்பட்டு 1898 முதல் 1901 வரை ஒகையோ மாநிலச் சிறையில் இருந்தவர். குற்றவாளிகளோடு ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டு உறங்கியவர். அவருடைய சின்னத் திருடர்கள் ஏன் இவ்வளவு மனிதர்களாக இருக்கிறார்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். கதை அலபாமா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் நடக்கிறது. ஊரின் பெயர் சம்மிட், அதாவது சிகரம். தரையோ தோசைக்கல் மாதிரித் தட்டை. சாம், பில் என்று இருவர். கையில் 600 டாலர் இருக்கிறது. ஒரு மோசடி வேலைக்கு இன்னும் 2,000 டாலர் வேண்டும். ஊர்ப் பெரிய மனிதரின் பத்து வயது மகனைக் கடத்தி மலைக் குகையில் வைக்கிறார்கள். அந்தப் பையன் தன்னைச் செவ்விந்தியத் தலைவனாக நினைத்துக்கொண்டு, இருவரையும், முக்கியமாகப் பில்லை, படாதபாடு படுத்துகிறான். விடியற்காலையில் கத்தியோடு பில்லின் மார்பில் ஏறி உட்கார்ந்து தலைத்தோலை உரிக்கப் பார்க்கிறான். சுடச்சுட வெந்த உருளைக்கிழங்கை முதுகில் போட்டுக் காலால் நசுக்குகிறான்.

எனக்கு அதில் மிகவும் பிடித்த இடம் ஒன்று. பொறுக்கமுடியாத பில், சாம் இல்லாத நேரத்தில் பையனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். திரும்பி வந்த சாமிடம் குற்றவுணர்வோடு தன் பக்கத்தைச் சொல்லிக்கொண்டு நிற்கிறான். பணம் போனதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. கூட்டாளிக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்பதுதான் அவன் வருத்தம். பையனோ பில்லுக்குப் பின்னாலேயே சத்தமில்லாமல் வந்து, சிரித்துக்கொண்டு நிற்கிறான். சாம் அதைப் பார்த்துவிட்டான். பார்த்தவன் உடனே சொல்லவில்லை. "பில், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இருதய நோய் உண்டா?" என்று கேட்கிறான். இல்லை என்ற பிறகுதான் திரும்பிப் பார்க்கச் சொல்கிறான். நேயர்களே, எவ்வளவு பெரிய அக்கறை அது! குழந்தையைக் கடத்திய ஒருவன், நண்பனின் நெஞ்சு தாங்குமா என்று முதலில் விசாரித்துக்கொள்கிறான். கடைசியில் பையனின் அப்பாவுக்கு இவர்களே 250 டாலர் கொடுத்து, பையனை ஒப்படைத்துவிட்டு ஓடுகிறார்கள். அதையும் இரவில்தான் செய்யவேண்டும். பகலில் அவனைத் திரும்பக் கொண்டுவந்தால் அக்கம்பக்கத்தார் என்ன செய்வார்களோ, அதற்கு நான் பொறுப்பில்லை என்று அந்த அப்பாவே எழுதியிருக்கிறார். சின்ன ஊர் என்று சொன்னேனே, அது இதுதான்.

இனி, என் உள்ளத்துக்கு மிக நெருக்கமான திருடனிடம் வருகிறேன். சூத்திரகர் வடமொழியில் இயற்றிய பத்து அங்க நாடகம் மிருச்சகடிகம். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதை 'மண்ணியற் சிறுதேர்' என்ற பெயரில் தமிழாக்கியிருக்கிறார். அதன் மூன்றாம் அங்கத்தில் சர்விலகன் வருகிறான். பிறப்பால் அந்தணன்; செய்வது கன்னம் வைக்கும் வேலை, அதாவது சுவரில் துளையிட்டு உள்ளே நுழைந்து திருடுவது. எந்தச் சுவரில், எந்த வடிவத்தில் கன்னம் வைப்பது என்று ஒரு சிற்பியைப் போல யோசிக்கிறான். தாமரை வடிவமா, பிறை வடிவமா, பூரண கும்பமா? காலையில் அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து மெச்சவேண்டும் என்பது அவன் ஆசை. அளவு நூலை மறந்துவிட்டான். பூணூலைக் கழற்றிச் சுவரை அளக்கிறான். பூணூலால் என்னென்ன பயன் என்று பட்டியலும் போடுகிறான்: சுவரை அளக்கலாம், நகையின் பூட்டைத் தளர்த்தலாம், கதவுத் தாழ்ப்பாளை நீக்கலாம், பாம்பு கடித்தால் கட்டுப்போடலாம். சொல்லி முடிப்பதற்குள் விரலில் பாம்பு கடித்துவிடுகிறது! அதே பூணூலால் கட்டுப்போட்டுக்கொள்கிறான். தேள் கொட்டிய திருடன் என்று தொடங்கினேன். பாம்பு கடித்த திருடன் இவன்.

இந்தக் காட்சியை ஒருமுறை பழக்கியபோது, சிரிப்பெல்லாம் பூணூலில்தான் வரும் என்று நம்பி, அதற்கே பல நாட்கள் செலவிட்டேன். மேடையில் மக்கள் புன்னகைத்தார்கள்; அவ்வளவுதான். அரங்கம் வெடித்தது அடுத்த இடத்தில். உள்ளே நுழைந்த சர்விலகன், மத்தளமும் வீணையும் ஏடுகளுமாகக் கிடப்பதைப் பார்த்து, "ஐயோ, நிஜமாகவே ஏழை வீடு" என்று திரும்பப் போகிறான். வீட்டுக்காரன் சாருதத்தனின் நண்பன் மைத்ரேயன் உறக்கத்தில் பிதற்றுகிறான். சாருதத்தனிடம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, "நண்பா, திருடன் வருவதுபோல் தெரிகிறது, இந்த நகைப்பெட்டியை நீயே வாங்கிக்கொள்" என்று திருடனிடம் நீட்டுகிறான். பசுவின்மேல் ஆணையும் வைக்கிறான். ஆணையை மீறக்கூடாதே என்று திருடன் பெட்டியை வாங்கிக்கொள்கிறான்! பூணூலில் வராத சிரிப்பு நீட்டிய கையில் வந்தது. திருடன் தனியாக இருந்தவரை அது வித்தை. நண்பன் என்று நம்பி ஒரு கை நீளும்போதுதான் அது நகைச்சுவை ஆகிறது.

காலையில் எழுந்த சாருதத்தன் கன்னத்தைப் பார்த்து அதன் அழகை வியக்கிறான். வந்தவன் வெறுங்கையோடு போயிருப்பானே என்று வருந்துகிறான். நகை போனது தெரிந்ததும் முதலில் மகிழ்கிறான். அது கணிகை வசந்தசேனை தன்னிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருள் என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது.

இதோடு ஒன்றை ஒப்பிடாமல் என்னால் மேலே போக முடியாது. சிலப்பதிகாரத்திலும் களவு நூல் பேசப்படுகிறது. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடன், காலம், கருவி என்று கள்வருடைய துணைகள் எட்டையும் பொற்கொல்லன் அடுக்குகிறான். அங்கே யாரும் சிரிப்பதில்லை, நெஞ்சு உறைகிறது. அதே கலைதானே? சர்விலகன் தன் கலையைத் தானே பேசுகிறான். கோவலனைப் பற்றிப் பேசுகிறவன் உண்மையான கள்வன். கேட்டு நிற்பவர்கள் கொலைத்தொழில் காவலர்கள். அந்நிய ஊரில் "இவனை எனக்குத் தெரியும்" என்று சொல்ல அந்தக் கணத்தில் ஒருவர்கூட இல்லை. பக்கத்தில் ஒரு தோழன் இருந்திருந்தால் என்று, அந்தக் காதையை வாசிக்கும்போதெல்லாம் மனம் அடித்துக்கொள்ளும்.

சர்விலகன் யாருக்காகத் திருடினான்? வசந்தசேனையின் பணிப்பெண் மதனிகையை விலை கொடுத்து மீட்பதற்காக. நகை சாருதத்தன் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டதும் அவள் மயங்கி விழுகிறாள். அது தன் எசமானியின் நகையேதான்! ஒரு நொடியில் காதல் பரிசு களவுச் சான்றாகிவிட்டது. அவன் சந்தேகப்பட்டுக் கத்துகிறான்; பெண்குலத்தையே ஏசுகிறான். அவள் பொறுமையாக வழி சொல்கிறாள்: "சாருதத்தன் அனுப்பியதாகச் சொல்லி நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு." இந்த வகைக் கதைகளில் நீதிபதியைவிடக் கூர்மையாகத் தீர்ப்புச் சொல்கிறவள், பெரும்பாலும் திருடனைக் காதலிக்கும் பெண்தான். ஒளிந்திருந்து எல்லாவற்றையும் கேட்ட வசந்தசேனை மதனிகையை விடுவித்து அவனுக்கே தந்துவிடுகிறாள்.

புது மணமக்கள் வண்டியில் ஏறிவிட்டார்கள். அப்போது பறையறைகிறார்கள்: ஆரியகனை அரசன் சிறையில் அடைத்துவிட்டான். ஆரியகன் சர்விலகனின் நண்பன். சர்விலகன் வண்டியிலிருந்து இறங்குகிறான். உலகில் ஆணுக்கு இனியவை இரண்டு, நண்பனும் மனைவியும். இந்த வேளையில் நூறு பெண்களைவிட நண்பன் பெரியவன் என்கிறான். எவளுக்காகப் பாம்புக்கடி பட்டானோ, அவளை ஒரு நாழிகைகூட உடன் வைத்துக்கொள்ளவில்லை. அவளும் தடுக்கவில்லை, பெரியவர்கள் இருக்கும் வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போ என்கிறாள். அந்தச் சிறிய பதிலை நடிக்கும் பெண்ணிடம், குரலை உயர்த்தாமல் சொல்லும்படிதான் எப்போதும் கேட்டுக்கொள்வேன்.

கடைசி அங்கத்தில் ஆரியகன் அரசனாகிவிடுகிறான். பொய்ப் பழியால் கொலைக்களத்தில் நிற்கும் சாருதத்தனிடம் சர்விலகன் ஓடிவந்து, "உங்கள் வீட்டில் கன்னம் வைத்தவன் நான்தான்" என்கிறான். "நண்பா, அப்படிச் சொல்லாதே" என்று சாருதத்தன் அவனைத் தழுவிக்கொள்கிறான்.

நண்பன் அரசனான இன்னொரு கதையும் உண்டு. ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப், இளவரசன் ஹாலோடு குடித்துக் கும்மாளமிட்டுத் திரிந்த கிழவன். காட்ஸ் ஹில் என்ற இடத்தில் வழிப்பறி செய்கிறான்; ஹாலும் பாயின்ஸும் மாறுவேடத்தில் வந்து அவனிடமே பறித்துக்கொள்கிறார்கள். தன்னைத் தாக்கியவர்கள் இருவர், நால்வர், எழுவர், ஒன்பது பேர், பதினொருவர் என்று அவன் கூட்டிக்கொண்டே போவான். முடிசூடிய ஹால், "உன்னை எனக்குத் தெரியாது, கிழவா" என்கிறான். அந்த வாக்கியத்தோடு நகைச்சுவை செத்துவிடுகிறது. பிறகு பிரான்சில், தேவாலயத்தில் திருடியதற்காக, பழைய தோழன் பார்டால்ஃபைத் தூக்கிலிடவும் அதே ஹால் ஒப்புதல் தருகிறான்.

நேரமாகிவிட்டது என்று எதிரே கடிகாரம் காட்டுகிறது. காவலர்களைப் பற்றியும், திருடனின் அம்மாவைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன், விட்டுவிடுகிறேன். ஆனால் பலகானோவ் என்ற சில்லறைத் திருடனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இல்ஃப், பெத்ரோவ் என்ற இரண்டு நண்பர்கள் சேர்ந்து எழுதி, 1931-இல் வந்த ருஷ்ய நாவல். புரட்சி வீரர் ஷ்மித்தின் மகன் என்று பொய் சொல்லி, ஒரு சின்ன ஊர் அலுவலகத்தில் ஓஸ்தாப் பெண்டர் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறான். அதே பொய்யோடு பலகானோவ் உள்ளே வருகிறான். இருவரும் மாட்டிக்கொள்ளவேண்டிய நேரம். பெண்டர் துள்ளி எழுந்து, "வாஸ்யா! உடன்பிறந்தவனே! என்னைத் தெரிகிறதா, நான்தான் கோல்யா!" என்று கட்டிக்கொள்கிறான். "தெரிகிறது, கோல்யா!" என்கிறான் அவன். அந்தப் பொய் உறவு நாவல் முழுவதும் தொடர்கிறது. கடைசியில் கோடீஸ்வரனான பெண்டர், பலகானோவைத் தேடிப்பிடித்து 50,000 ரூபிளைக் கையில் கொடுக்கிறான். எந்தப் பத்திரமும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. பணத்தோடு டிராம் வண்டியில் ஏறிய பலகானோவ், ஒரு பெண்ணின் மலிவான கைப்பையைத் திருடிப் பிடிபடுகிறான். பைக்குள் இரண்டு ரூபிள்கூட இல்லை. சுற்றிலும் கூட்டம் கத்துகிறது. அவன் திகைத்துப்போய், "கை தானாகப் போய்விட்டது" என்று முணுமுணுக்கிறான். பெண்டரும் அதே வண்டியில்தான் இருக்கிறான்.

இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தமைக்கு நன்றி. வணக்கம்.