எண்ணெயும் மாத்திரையும்

(பிப்ரவரி 11, உலக நோயாளர் நாளன்று காரைக்குடிப் பக்கத்துப் பங்கு ஒன்றில் பேசியது)

வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே, பள்ளித் தாளாளர் அருட்சகோதரி அவர்களே, பங்குப் பேரவைப் பெரியவர்களே, மரியாயின் சேனைத் தாய்மார்களே, பந்தல் போட்டுவிட்டுப் பணம் வாங்க மறுத்த தம்பிகளே, கோயிலுக்கு விபூதியோடு வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் தெரு ஆச்சி அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். போன வருஷம் விட்டுப்போனவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

விசுவாசம், குடும்பம், மருந்து என்று மூன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஆச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் மனைவி. மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. நான்காம் நிலை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கிடந்த எனக்கே அவள் வலி பாதிதான் தெரிந்தது.

மருத்துவர் மார்ஃபின் என்ற கடும்வலி தணிக்கும் மாத்திரை எழுதினார். இங்கே தேடி அலுத்து, திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரைக்கு பஸ் ஏறினேன். கொண்டுவந்தால் வீட்டில் பஞ்சாயத்து. மூத்த மைத்துனர், "மாப்ளே, அது கடைசிக் கட்டத்து மருந்து, பழகிப்போகும்" என்றார். சித்தப்பாவோ, "சிலுவையில் சேசுவே வெள்ளைப்போளம் கலந்த ரசத்தை வாங்கிக் குடிக்கவில்லையே" என்று வேதத்தையே எடுத்துவிட்டார். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் ரசமும் வார்த்ததை அவருக்கு நினைவூட்டினேன். தலைவலியும் காய்ச்சலும் சித்தப்பாவுக்கு வரவில்லை!

அன்று ராத்திரி மாத்திரை கொடுத்தோம். மூன்று வாரமாக அரை மணி சேர்ந்தாற்போலத் தூங்காதவள், கட்டையாகத் தூங்கினாள். இரண்டு மணிக்கு என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மா அசையவே இல்லையே" என்று அலறினாள். அவ்வளவுதான், வீடு கூடிவிட்டது. ஒருத்தி செபமாலையை எடுத்தாள். மைத்துனர் எனக்குக் கேட்கும்படியே, "அப்பவே சொன்னேன்" என்றார். பையன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பறந்துபோய் நம் சாமியாரை எழுப்பிக் கூட்டிவந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார், பாவம். சாமியார் எண்ணெயைத் தொட்டு நெற்றியில் வைத்தார். இவள் கண்ணைத் திறந்தாள். "என்ன சாமி, இந்நேரத்தில? இருங்க, காபி போடச் சொல்றேன்" என்றாள்! சிரியுங்கள், அவளும் சிரிக்கிறாள். சாமியார் காபி குடித்துவிட்டுத்தான் போனார்.

அந்த எண்ணெயை நம் பாட்டிமார் அவஸ்தைப்பூசுதல் என்பார்கள். சாமியார் எண்ணெயோடு வந்தால் ஆள் முடிந்தது என்று பயந்து கதவைச் சாத்திய வீடுகள் உண்டு. உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு நோயில்பூசுதல் என்றாக்கி, உயிர் போகும்வரை காத்திராமல் கடும்நோய் கண்டவுடனே பெறலாம் என்று திருச்சபை தெளிவாக்கியது. எண்ணெயைப் பார்த்துப் பட்ட பயம்தான் இன்று மாத்திரையைப் பார்த்துப் படும் பயம். 1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற விசுவாசமுள்ள மருத்துவர், குணமாகாத நோயாளர்களுக்கு ஓர் இல்லம் திறந்தார். வலி வந்தபின் கொடுக்காதே, வருமுன் மணி பார்த்து மருந்து கொடு என்பது அவர் முறை. இவளுக்கும் நாலு மணி நேரத்துக்கு ஒருதரம், மருத்துவர் சொன்ன அளவு. மலம் கட்டும், அதற்கும் மருந்து உண்டு.

குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆச்சி தினம் கவுனி அரிசிக் கஞ்சி அனுப்புகிறார்கள். ஓரியூர் அருளானந்தர் கோயில் செம்மண்ணை மருமகள் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். அதற்கு மேல் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன்.

மார்ஃபினைக் கட்டுப்படுத்தும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்திவிட்டார்கள். முன்போல நாலைந்து உரிமம் வேண்டாம். பயிற்சி பெற்ற மருத்துவர் இருந்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரித்தால் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்துக்கொள்ளலாம். பிறகு ஏன் ஒரு மாத்திரைப் பட்டைக்கு மதுரை? கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார்கள். தலைவலியும் காய்ச்சலும் ஐயா, தலைவலியும் காய்ச்சலும்!

நம் வட்டாரத்திலேயே மாத்திரை வேண்டும் என்ற மனு வாசலில், முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எண்ணெய்க் கையோடு தொடாமல் கையெழுத்துப் போடுங்கள். விசுவாசம் பற்றி நான் விட்டதைச் சாமியார் சொல்வார். மணி எட்டாகப் போகிறது. அவளுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், இறங்குகிறேன்.