ஏலக்காய் எண்ணெயும் ஒரு துண்டுக் காகிதமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏலக்காய் எண்ணெயைப் பற்றிப் பேசச் சொன்னபோது, வானொலியில் வாசனையை எப்படிக் காட்டுவது என்றுதான் முதலில் தோன்றியது. சரி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஏலக்காய் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த மணம் நினைவில் இருக்கும்.

தோலை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே மூன்று அறைகள். ஒவ்வொன்றிலும் கறுப்பு விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். தோலை மட்டும் மென்றால் வெறும் நார்தான். எண்ணெய் கிட்டத்தட்ட முழுதும் விதையில் இருக்கிறது, அதுவும் விதையின் மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு அறைகளில். விதையை நசுக்கினால் அவை உடைந்து எண்ணெய் காற்றில் கலக்கிறது. மணம் வருகிறதென்றால் எண்ணெய் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். பொடித்து வைத்த ஏலம் சீக்கிரமே சப்பென்று ஆகிவிடுவது இதனால்தான். அந்த நார்த்தோல் விதைக்கு ஒரு மூடிபோட்ட டப்பா.

எண்ணெய் எடுப்பது நீராவி வடிப்பில். இடித்த விதைக்குள் நீராவியைச் செலுத்தி, வெளியே வரும் ஆவியைக் குளிரவைத்தால் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து இறங்கும். எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, மேலே மிதக்கும். நிறமில்லாமலோ இளமஞ்சளாகவோ இருக்கும். நல்ல விதையில் எடைக்கு 5 முதல் 8 சதவீதம் வரை கிடைக்கும். வாசனை எண்ணெய்களில் இது தாராளம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்குச் சில டன் பூ வேண்டும்!

வாசனை எண்ணெய்களைத் தரம் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். எந்திரம் ஆயிரம் சொல்லட்டும், முதல் தீர்ப்பு மூக்குடையதுதான். நீளமாக நறுக்கிய உறிஞ்சுதாளின் நுனியை எண்ணெயில் தொட்டு முகர்வோம். ஏலக்காய் எண்ணெய் முதலில் மூக்கில் சில்லென்று ஏறும். யூகலிப்டஸ் தைலமோ என்றுகூடத் தோன்றும். அந்த ஐயம் நியாயமானதே. யூகலிப்டஸ் எண்ணெயில் மிகுந்திருக்கும் சினியோல் என்ற பொருள் இதிலும் நிறைய உண்டு. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை அது தூண்டுவதால்தான் அந்தச் சில்லிப்பு. கிராம்பையும் பட்டையையும் சூடான மணம் என்று சொல்லும் வாசனைத் திரவியக்காரர்கள், ஏலத்தைக் குளிர்ந்த மணம் என்று தனியே வைப்பார்கள்.

தாளை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துத் திரும்பினால் சில்லிப்பு அடங்கியிருக்கும். இப்போது இனிப்பு எழும். பூவும் பழமும் கலந்தாற்போல, நாம் ஏலக்காய் என்று அடையாளம் காணும் அந்த மணம். இதைத் தருவது முக்கியமாக டெர்பினைல் அசிடேட். சினியோலும் இதுவும் என்ன விகிதத்தில் சேர்ந்திருக்கின்றன என்பதில்தான் எண்ணெயின் தரமே நிற்கிறது. பெரிய ஏலக்காய் எனப்படும் கறுப்பு ஏலக்காய் வேறு இனம்; அதில் சினியோல் மிகமிக அதிகம், இனிப்புப் பங்கு இல்லை என்றே சொல்லலாம். ஆகவே அதன் எண்ணெய் இதற்கு மாற்று ஆகாது.

ஒருமுறை ஒரு மாதிரி வந்தது. முதல் முகர்தலில் அருமை. அரை மணி கழித்துத் தாளில் ஒன்றுமே இல்லை. கலப்படமோ என்று சந்தேகப்பட்டோம். விசாரித்தால், எரிபொருளை மிச்சம் பிடிக்க அடுப்பைச் சீக்கிரமே அணைத்திருக்கிறார்கள். வடிப்பில் சினியோல் முன்னால் வந்துவிடும், இனிப்புப் பங்கு நிதானமாகப் பின்னால் வரும். பாதியில் நிறுத்தியவருக்குக் கிடைத்தது பாதி ஏலக்காய்!

அப்புறம், மரபு. ஏலக்காய் எண்ணெய்ப் புட்டிகளில் 'பழங்காலம் தொட்டு' என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சின்னச் சிரிப்பு வரும். பழங்காலம் தொட்டுப் பயன்பட்டது பெரும்பாலும் விதை. ஏலாதி சூரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏலம் 1 பங்கு, இலவங்கப்பட்டை 2, சிறுநாகப்பூ 3, மிளகு 4, திப்பிலி 5, சுக்கு 6. மொத்தம் 21 பங்கில் ஏலம் ஒரே ஒரு பங்கு, ஆனால் மருந்துக்குப் பெயர் அதனுடையது. செரியாமை, வயிற்று உப்புசம், குமட்டல், வாய் நாற்றம் என்று ஏலம் நாடப்பட்டதெல்லாம் இப்படி விதையாக, பொடியாக, கஷாயமாக. பிரிட்டிஷ் மருந்து நூலில் இருந்த ஏலக்காய் டிங்சரும் சாராயத்தில் ஊறவைத்த சாறுதான். வயிற்று வாயுவுக்கும், கசப்பு மருந்தின் சுவையை மறைக்கவும் அதைச் சேர்த்தார்கள்.

'ஏலாதி தைலம் இருக்கிறதே' என்று கேட்பீர்கள். அது ஏலத்தோடு பல சரக்குகளை எண்ணெயில் காய்ச்சி இறக்கியது. மேலுக்குத் தாராளமாகத் தேய்க்கலாம். வடித்தெடுத்த ஏலக்காய் எண்ணெய் வேறு சங்கதி. சித்த மருத்துவத்தில் வாலை என்ற வடிகலத்தில் வடிக்கும் தீநீர்கள் உண்டு. ஆனால் தீநீர் என்பது மணமேறிய தண்ணீர், மேலே மிதக்கும் எண்ணெய் அல்ல.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம், அளவு. புட்டியில் இருப்பது செறிவு. அப்படியே தோலில் தடவக் கூடாது. 30 மில்லி நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ ஆறு சொட்டு விட்டால் ஏறக்குறைய ஒரு சதவீதம் வரும், அது போதும். மருத்துவர் சொல்லாமல் குடிக்க வேண்டாம். குழந்தைகளின் மூக்கருகே கொண்டுபோகவே வேண்டாம். சினியோல் அவர்களுக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கலாம். பழைய எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டிருந்தால் தோலில் அரிப்பு வரும். நிறம் ஆழ்ந்த சிறிய புட்டியில் முழுக்க நிரப்பி, இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

வாங்கும்போது மூடியைத் திறந்து மூக்கை நேரே புட்டியில் வைக்காதீர்கள். சினியோல் முந்திக்கொண்டு மற்றதை மறைத்துவிடும். ஒரு துண்டுக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, உடனே ஒருமுறை, அரை மணி கழித்து ஒருமுறை முகருங்கள். இரண்டாம் முறை இனிப்பு வந்தால் தாராளமாக வாங்கலாம். கடைக்காரர் அரை மணி காத்திருக்க விடுவாரா என்று கேட்காதீர்கள். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.