சர்கோதாவுக்குக் கிளம்பிய தகப்பன்

தலைவர் அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய பேரூராட்சித் தலைவர் அவர்களே, முன்வரிசையில் பதக்கங்களோடு அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர் ஐயாக்களே, காசு வாங்காமல் மைக் செட் போட்டுக்கொடுத்த தம்பி அவர்களே, வணக்கம்.

அருண் கேத்தர்பாலைப் பற்றி மூன்று விஷயம் சொல்லப்போகிறேன்: அவர் போட்ட சண்டை, அவர் அம்மா, அவர் அப்பா.

சண்டை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1971 டிசம்பர் 16, பாகிஸ்தானோடு போர், பசந்தர் ஆற்றுப் பக்கம், பூனா ஹார்ஸ் என்ற நம் டாங்கிப் படைப்பிரிவு. டாங்கி தீப்பிடித்துவிட்டது, இறங்கு என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வருகிறது. என் பீரங்கி இன்னும் சுடுகிறது என்று மறுத்துவிட்டார். அங்கேயே உயிரை விட்டார். வயது 21. போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா. போர்முனைக்குப் போகும்போது கால்ஃப் மட்டையையும் எடுத்துக்கொண்டாராம், லாகூரில் ஆடலாமென்று!

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு. இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை, செயலாளர் சிரிக்கிறார். சரி, அப்பாவுக்கு வருவோம். எம்.எல். கேத்தர்பால், அவரும் ராணுவத்தில் இருந்தவர், பிரிகேடியர். சொந்த ஊர் சர்கோதா, பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போன ஊர். 2001இல், 81 வயதில், ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்று கிளம்பினார். லாகூரில் தன் வீட்டில் தங்கவைத்தவர் பாகிஸ்தான் பிரிகேடியர் நாசர். வீடே பெரியவரைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறது. நமக்கு எதற்கு இவ்வளவு உபசாரம்? அவருக்குப் புரியவில்லை. கடைசி ராத்திரி, சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருக்கும்போது நாசர் வாய் திறக்கிறார்: பசந்தரில் எதிரே நின்றது நான்தான், உங்கள் மகன் போனது என் கையால்தான்.

நினைத்துப் பாருங்கள். வயிற்றில் இருப்பது அந்த வீட்டுச் சோறு. எழுந்து அடிப்பாரா? அழுவாரா? இவரும் பட்டாளத்துக்காரர். மறுநாள் நாசரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு டெல்லி திரும்பினார்.

நான் சொல்ல வந்தது வேறு. விசா கிடைத்ததால்தானே இது நடந்தது? 65 வயது தாண்டியவர்களுக்கு எல்லையிலேயே விசா என்று 2012இல் இரண்டு நாடும் கையெழுத்துப் போட்டன. 2025 ஏப்ரலில், பஹல்காம் படுகொலைக்குப் பிறகு, அட்டாரி எல்லை வாசல் மூடப்பட்டது. மூடியதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிரிவினை வருஷம் பிறந்த குழந்தையே இன்று கிழவன். பெற்ற மனம் பித்து. பிறந்த மண்ணை நினைக்கிற மனமும் பித்துதான். அந்தக் கிழடுகளையாவது விடுங்கள் என்று வெளியுறவு அமைச்சருக்கு மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து பேரூராட்சித் தலைவருடையது. நன்றி ஐயா.

அம்மாவைப் பற்றிச் சொல்வதற்குள் துண்டுச் சீட்டு வந்துவிட்டது. மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் அங்கேயே.